இறந்தவர்களுக்கான சீப்பு

போலந்தில் நாஜிகள் யூதர்களைக் கொன்று குவித்த ஆஷ்விட்ஸ் முகாம் இன்று ஓர் அருங்காட்சியகம். அதன் நான்காம் கட்டடத்தில் ஏறத்தாழ 2 டன் மனிதக் கூந்தல் கண்ணாடிக்குப் பின்னால் குவிந்து கிடக்கிறது. 1945 ஜனவரி 27 அன்று சோவியத் படையினர் முகாமுக்குள் நுழைந்தபோது, மூட்டை கட்டி அனுப்பத் தயாராக வைக்கப்பட்டிருந்த சுமார் 7 டன் கூந்தலில் ஒரு பகுதி அது. கொல்லப்பட்ட பெண்களின் தலையிலிருந்து வெட்டி எடுத்து, ஜெர்மனியின் நெசவாலைகளுக்குக் கிலோ கணக்கில் நாஜிகள் விற்றிருக்கிறார்கள். அடுத்த கட்டடத்தில் காலணிகள், தூரிகைகள், மூக்குக்கண்ணாடிகள், பயணப் பெட்டிகள் என்று வரிசை நீள்கிறது. காலணிகள் மட்டுமே 1,10,000 என்று அருங்காட்சியகம் கணக்குச் சொல்கிறது. பெட்டிகள் 3,800, அவற்றில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவற்றில் உரியவர்கள் தங்கள் பெயரைத் தாங்களே எழுதியிருக்கிறார்கள், திரும்பக் கிடைக்கும் என்று நம்பி.

அந்த அறைக்குள் நின்றபோது எனக்குள் எழுந்தது துக்கம் அன்று. துக்கத்துக்கு முன்னதாக வந்து வழியை அடைத்துக்கொள்ளும் திகைப்பு அது. இத்தனை ஆண்டுகளில் கூந்தல் எல்லாம் வெளிறி ஏறக்குறைய ஒரே நிறமாகிவிட்டது. அங்கொன்றும் இங்கொன்றுமாக அவிழாத பின்னல்கள் மட்டும் கண்ணில் படுகின்றன. படம் எடுக்க வேண்டாம் என்று வழிகாட்டி தாழ்ந்த குரலில் கேட்டுக்கொண்டார், யாரும் எடுக்கவில்லை. வெளியே வந்த பிறகு என்னை விடாமல் உறுத்தியது வேறொன்று. கொன்றவர்கள் அந்தப் பெண்களை எடைபோடத்தக்க சரக்காகப் பார்த்தார்கள். குவியலுக்கு முன்னால் நிற்கும் நானும் அதே இடத்தில் நின்று, அதே குவியலைத்தானே பார்க்கிறேன்? அவர்கள் அடுக்கி வைத்த முறையிலேயே அவர்களுடைய பலிகளை நினைவுகூர்வது எப்படி நியாயமாகும்? குற்றத்துக்குச் சாட்சியாக அந்தக் குவியல் இருந்தே தீர வேண்டும் என்று என் அறிவு சொன்னது. அந்தப் பெண்களில் ஒருத்தியைக்கூட நான் சந்திக்கவில்லை என்று மனம் சொன்னது. இந்த இரண்டும் எனக்குள் வெகுகாலம் சமரசமாகவே இல்லை.

அதே பயணத்தில், செக் நாட்டின் தலைநகரான பிராக்கில், நான் எதிர்பார்த்தே இராத ஒரு பொருளின் முன்னால் அந்த அடைப்பு உடைந்தது. அதற்கும் இனப்படுகொலைக்கும் நேரடித் தொடர்பு எதுவும் கிடையாது. நாஜிகள் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே செய்யப்பட்ட வெள்ளிச் சீப்பு அது.

சுவர், கல்லறை, சீப்பு

பிராக்கின் யூத அருங்காட்சியகம் ஒரே கட்டடத்தில் அடங்கியதன்று. பழைய யூதக் குடியிருப்பான யோசெஃபோவில் எஞ்சி நிற்கும் ஜெப ஆலயங்கள், பழைய இடுகாடு, அதை ஒட்டிய சடங்கு மண்டபம் எல்லாம் சேர்ந்ததே அருங்காட்சியகம். பார்வையாளர்கள் பெரும்பாலும் பிங்கஸ் ஜெப ஆலயத்தில் தொடங்கி, அதன் பக்கவாட்டிலிருந்து இடுகாட்டுக்குள் இறங்கி, மறுமுனையில் சடங்கு மண்டபத்துக்கு வந்து சேர்கிறார்கள். இந்த வரிசையின் கனம் கடைசி அறைக்கு வந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

பிங்கஸ் ஆலயத்துக்குள் காட்சிப்பொருள் என்று எதுவும் இல்லை, சுவர்கள் மட்டுமே. செக் நாட்டுப் பகுதிகளான பொகீமியாவிலிருந்தும் மொராவியாவிலிருந்தும் கொண்டுசெல்லப்பட்டுக் கொல்லப்பட்ட ஏறத்தாழ 78,000 யூதர்களின் பெயர்கள் அந்தச் சுவர்களில் கையால் எழுதப்பட்டிருக்கின்றன. ஊர்வாரியாகப் பிரித்து, குடும்பப் பெயரைச் சிவப்பிலும் ஆட்களின் பெயர்களைக் கறுப்பிலும் எழுதி, ஒவ்வொருவருக்கும் பிறந்த நாளையும் உயிருடன் இருந்ததாகத் தெரியவரும் கடைசி நாளையும் குறித்திருக்கிறார்கள். இறந்த நாள் பெரும்பாலோருக்குத் தெரியாது, ரயிலேற்றப்பட்ட நாள் தெரியும். 1950-களில் வாட்ஸ்லாவ் போஷ்டிக், யிர்ஷி ஜான் என்ற இரண்டு ஓவியர்கள் இவற்றை எழுதினார்கள். 1968-இல் நிலத்தடி நீர்க்கசிவைக் காரணம் காட்டி ஆலயம் மூடப்பட்டது. கம்யூனிஸ்ட் ஆட்சி முடியும்வரை அது மக்களுக்குத் திறக்கப்படவில்லை. எழுதிய பெயர்களும் அழிந்துபோயின. ஆட்சி மாறிய பிறகு, 1992-க்கும் 1996-க்கும் இடையில், அத்தனை பெயர்களையும் முதலிலிருந்து மறுபடி எழுதினார்கள். ஒரே மக்களின் பெயர்களை ஒரே சுவரில் இரண்டு முறை எழுத வேண்டியிருந்திருக்கிறது.

அங்கிருந்து இறங்கினால் இடுகாடு. அதன் மிகப் பழைய கல் 1439-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. யூதர்களுக்கு வேறு நிலம் தரப்படாததால் பழைய கல்லறைகள்மேல் மண் கொட்டி, புதிய உடலைப் புதைத்து, பழைய கல்லையும் மேலே தூக்கி நட்டார்கள். 1787-இல் அடக்கங்கள் நின்றபோது சில இடங்களில் இப்படிப் பல அடுக்குகள் உருவாகியிருந்தன. இன்று அங்கே சுமார் 12,000 கற்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நெருக்கியடித்து நிற்கின்றன. இடமே இல்லாத அந்த நெருக்கடியிலும் ஒருவருடைய கல்லை இன்னொருவருக்காகத் தூக்கி எறியவில்லை என்பதை அங்கே நின்று பார்க்கும் எவரும் கவனிக்காமல் போக முடியாது.

சடங்கு மண்டபத்தில் இருப்பது பிராக் நகர யூதர்களின் அடக்கச் சபையைப் பற்றிய காட்சி. 1564-இல் தொடங்கப்பட்ட அந்தச் சபையின் உறுப்பினர்கள் நோயாளிகளைப் போய்ப் பார்ப்பது, மரணப் படுக்கையருகே ஜெபிப்பது, இறந்தவரைக் குளிப்பாட்டுவது, பிணத்துணி தைப்பது, குழி வெட்டுவது ஆகிய எல்லாவற்றையும் கூலி வாங்காமல் செய்தார்கள். 1772-ஐ ஒட்டித் தீட்டப்பட்ட ஓவியத் தொடர் ஒன்று இந்த வேலைகளை ஒவ்வொன்றாகக் காட்டுகிறது. அந்த ஓவியங்களுக்கு அருகே கண்ணாடிப் பேழையில் வெள்ளிச் சீப்பும் நகக்கண் சுத்தம் செய்யும் வெள்ளிக் கருவியும் இருந்தன. இறந்தவர்களுக்கு மட்டுமே பயன்பட்டவை அவை.

யூத வழக்கத்தில் இறந்தவரைத் தயார் செய்யும் முறையைத் தெரிந்துகொண்டால்தான் அந்தச் சீப்பின் முன்னால் நிற்பது என்னவென்று புரியும். ஆண்களை ஆண்களும் பெண்களைப் பெண்களும் குளிப்பாட்டுவார்கள். உடலை ஒருபோதும் முழுவதும் திறந்து போடமாட்டார்கள். கழுவும் பகுதியை மட்டும் விலக்கி, உடனே மூடிவிடுவார்கள். நகக்கண்களைத் துடைத்து, தலையை மெல்ல வாருவார்கள். வாரும்போது உதிர்கிற முடியைக்கூடக் குப்பையில் போடமாட்டார்கள்; அதுவும் அந்த மனிதரின் உடல்தான் என்பதால் எடுத்து அவரோடு சேர்த்தே புதைப்பார்கள். பணக்காரருக்கும் ஏழைக்கும் ஒரே மாதிரியான எளிய வெள்ளைத் துணி. அதில் பை கிடையாது. எல்லாம் முடிந்ததும் இறந்தவரைப் பெயர் சொல்லி அழைத்து, தங்கள் கைகளால் ஏதேனும் மரியாதைக் குறைவு நேர்ந்திருந்தால் மன்னிக்கும்படி வேண்டிக்கொள்வார்கள்.

உதிர்ந்த முடியையும் சேர்த்துப் புதைக்கும் மக்கள். நான் அந்த இடத்தில்தான் உடைந்தேன். இரண்டு டன் என்ற சொல்லுக்கு அப்போதுதான் பொருள் பிடிபட்டது. அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் கிடந்த ஒவ்வொரு இழையும் யாரோ ஒருத்தியின் உடல் என்று கருதப்பட்டிருக்க வேண்டியது. சபையைச் சேர்ந்த பெண்கள் சுற்றி நின்று, பெயர் சொல்லி மன்னிப்புக் கேட்டு, அவளோடு மண்ணுக்குள் வைத்திருக்க வேண்டியது. என் பாட்டி இறந்த அன்று அத்தைகள் அவரைக் குளிப்பாட்டிச் சிக்கெடுத்தபோது, "மெதுவா வாரு, அம்மாவுக்கு வலிக்கப்போகுது" என்று பெரியத்தை தன் தங்கையைக் கடிந்துகொண்டார். இறந்தவருக்கு வலிக்காது என்பது அந்த அறையிலிருந்த எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் சின்னத்தையின் கை தயங்கி நிதானமானது. ஆஷ்விட்ஸில் பறிபோனவற்றில் இந்த நிதானமும் ஒன்று என்பதை எனக்குச் சொன்னது அந்த முகாமின் சாட்சிப்பொருள் அன்று, முகாமுக்கு வெளியே முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாகத் தன் வேலையைச் செய்துவந்த அடக்கச் சபையின் சீப்பு.

அந்தக் கூந்தலைப் புதைத்துவிட வேண்டும் என்று கோருகிறவர்கள் இருக்கிறார்கள். சாட்சியம் அழியக் கூடாது என்று அதை வைத்திருக்க வேண்டுகிறவர்களும் இருக்கிறார்கள். தப்பிப் பிழைத்தவர்களிலேயே இரு தரப்பும் உண்டு. மற்ற பொருள்களுக்குச் செய்வதுபோன்ற பாதுகாப்புப் பணி எதுவும் கூந்தலுக்குச் செய்வதில்லை என்றும், அது தன் போக்கில் மட்கிப்போக விடப்படும் என்றும் அருங்காட்சியகத் தரப்பினர் சொல்லியிருக்கிறார்கள். என் மனம் புதைப்பதன் பக்கமே சாய்கிறது. நடந்ததை மறுப்பவர்களுக்குப் பதில் சொல்ல ஆவணங்களும் எஞ்சிய கட்டடங்களும் வாக்குமூலங்களும் ஏராளமாக இருக்கின்றன. அந்தப் பெண்களுக்குக் கொடுக்க வேண்டியிருப்பது ஒன்றே ஒன்றுதான், அது இன்னும் கொடுக்கப்படவில்லை.

அட்டை எழுதியவர்கள்

பிராக் அருங்காட்சியகத்தின் தொகுப்பு எப்படிச் சேர்ந்தது என்ற கதையைத் தெரிந்துகொண்டு பார்த்தால், அங்கிருக்கும் எந்தப் பட்டுத் திரையையும் வெள்ளிப் பாத்திரத்தையும் அழகு என்று சொல்ல வாய் கூசும். அருங்காட்சியகம் 1906-இல், பழைய யூதக் குடியிருப்பை நகராட்சி இடித்துத் தள்ளிக்கொண்டிருந்த நாள்களில், ஸாலமோன் ஹூகோ லீபென் என்ற வரலாற்றாசிரியரின் முயற்சியால் சிறிய அளவில் தொடங்கியது. 1939 மார்ச்சில் ஜெர்மனியர்கள் நகரைப் பிடித்ததும் அது மூடப்பட்டது. 1942-இல் மக்கள் கூட்டம் கூட்டமாக ரயிலேற்றப்பட்டுக்கொண்டிருந்தபோது, ஆளில்லாமல் போய்க்கொண்டிருந்த ஊர்களின் ஜெப ஆலயப் பொருள்களை எல்லாம் பிராக்குக்குக் கொண்டுவந்து பாதுகாக்கலாம் என்ற யோசனையை யூதச் சமூக நிர்வாகத்தினர் முன்வைத்தார்கள். நாஜிகளின் ஆயுதப் படையான எஸ்.எஸ். அதிகாரிகள் அதற்கு இசைந்தார்கள். 150-க்கும் மேற்பட்ட ஊர்களிலிருந்து, யூதர்களின் வேதமான தோராவின் சுருள்களும் திரைகளும் விளக்குகளும் கிண்ணங்களும் நூல்களும் வந்து குவிந்தன. பொருள் வந்து சேர்ந்த வேளையில், அதைக் கொடுத்தனுப்பிய ஊரில் பெரும்பாலும் ஆள் இல்லை.

"அழிந்துபோன இனத்தின் அருங்காட்சியகம்" அமைக்க நாஜிகள் போட்ட திட்டம் இது என்று சுற்றுலாக் கையேடுகளில் அடிக்கடி படிக்கிறோம். அப்படியொரு திட்டத்தை உறுதிசெய்யும் நாஜி ஆவணம் எதுவும் கிடைக்கவில்லை. அந்தத் தொடர் போருக்குப் பின் வழக்கத்துக்கு வந்தது. இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. அந்தக் கதையை ஏற்றுக்கொண்டால், சேகரித்த பெருமையும் கொலைகாரர்களுக்கே போய்ச் சேர்ந்துவிடுகிறது. அந்தப் பொருள்களைப் பிரித்து, துடைத்து, எண்ணிட்டு, விவரம் எழுதியவர்கள் யூத அறிஞர்கள். தங்கள் முறையும் வரும் என்று தெரிந்தே வேலை செய்தவர்கள். அருங்காட்சியகப் பணியில் தேர்ந்த யோசெஃப் போலாக், நூலகர் தோபியாஸ் யாகோபோவிட்ஸ், காட்சிக் கூடங்களை வடிவமைத்த நாடக அரங்க வடிவமைப்பாளர் ஃபிரான்டிஷேக் ஸெலென்கா, கலை வரலாற்றாசிரியர் ஹானா வோலாவ்கோவா ஆகியோர் அவர்களில் சிலர். பொதுமக்கள் ஒருவரும் பார்க்க அனுமதியில்லாத, எஸ்.எஸ். அதிகாரிகள் மட்டுமே வந்துபோன கண்காட்சிகளை ஜெப ஆலயங்களுக்குள் அவர்கள் அமைத்தார்கள்.

போர் முடிவதற்குள் எழுதப்பட்ட பட்டியல் அட்டைகள் ஒரு லட்சத்துக்கும் மேல். எந்த ஊர், என்ன பொருள், எதனால் செய்தது, எந்தக் காலத்தது என்று அட்டைகள் பேசுகின்றன. புலம்பல் கிடையாது, பெருமூச்சு கிடையாது. ஸெலென்காவும் யாகோபோவிட்ஸும் 1944 அக்டோபரில் ஆஷ்விட்ஸுக்கு அனுப்பப்பட்டார்கள். போலாக் கைதாகி, உயிருடன் திரும்பவே இல்லை. பட்டியலிட்ட அறிஞர்களில் பிழைத்து வந்தவர், செக் நாட்டிலேயே இருந்த தெரெசின் நாஜி முகாமிலிருந்து மீண்ட வோலாவ்கோவா மட்டுமே; போருக்குப் பின் அருங்காட்சியகத்தின் இயக்குநராகப் பொறுப்பேற்றவரும் அவர்தான். அட்டைகளின் வறண்ட நடையை உணர்ச்சியின்மை என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. அடக்கச் சபையினர் ஓர் உடலுக்குச் செய்ததை இவர்கள் ஒரு துணிக்கும் ஒரு கிண்ணத்துக்கும் செய்திருக்கிறார்கள்: பகுதி பகுதியாகப் பார்த்து, எதையும் விட்டுவிடாமல், ஊர்ப்பெயரைச் சரியாகச் சொல்லி. கூலியையோ கைம்மாறையோ எதிர்பார்க்க அவர்களுக்கும் இடமில்லை.

உபயம்

இந்தப் பொருள்களில் எனக்கு மிக நெருக்கமாகிப் போனவை துணிகள். ஜெப ஆலயத்தில் தோரா சுருள்கள் வைக்கப்படும் பேழைக்கு முன்னால் தொங்கும் திரைகளில் உபயம் செய்தவரின் பெயர், அவர் மனைவியின் பெயர், ஆண்டு எல்லாம் பொன்னிழையில் தைக்கப்பட்டிருக்கும். பிராக்கின் பெருஞ்செல்வரும் கொடையாளருமான மொர்தெகாய் மைஸெலும் அவர் மனைவியும் 1592-இல் கொடுத்த திரை அந்தத் தொகுப்பின் புகழ்பெற்ற துணிகளில் ஒன்று. ஆனால் சாதாரண மனிதர்களின் துணிகளே என்னை அதிகம் நிறுத்தின. ஜெர்மன் மொழி பேசிய நாட்டு யூதர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. எட்டாம் நாள் விருத்தசேதனத்தின்போது ஆண் குழந்தையைச் சுற்றியிருந்த துணியை நான்காகக் கிழித்து, நீளவாக்கில் ஒட்டித் தைத்து, தோரா சுருளைச் சுற்றிக் கட்டும் நாடாவாக மாற்றுவார்கள். குழந்தையின் பெயர், தகப்பன் பெயர், பிறந்த நாள், அதன்பின் ஒரு வேண்டுதல்: இவன் தோராவுக்கும் திருமணப் பந்தலுக்கும் நற்செயல்களுக்கும் வளரட்டும்.

அந்த வரியைத் தாயோ பாட்டியோ வண்ண நூலால் எழுத்தெழுத்தாகத் தைத்திருப்பாள். பந்தலுக்குக் கீழே மணமக்கள் நிற்கும் சிறிய படத்தையும் சேர்த்துத் தைப்பதுண்டு; ஒரு வாரமே ஆன குழந்தைக்குக் கல்யாணக் காட்சி. இப்படிப்பட்ட துணிக்கு முன்னால் நிற்கும் இன்றைய பார்வையாளருக்கு முதலில் தோன்றுவது, இந்தப் பையன் முகாமில் இறந்திருப்பானோ என்ற கேள்விதான். எனக்கும் அதுவே தோன்றியது. ஆனால் 18-ஆம் நூற்றாண்டில் தைத்த துணியென்றால், அந்தப் பையன் வளர்ந்து, மணந்து, முதிர்ந்து, தன் ஊர்ச் சபையார் கையால் தலைவாரப்பட்டு அடக்கமாகியிருப்பதற்கே வாய்ப்பு அதிகம். அவனுடைய மகிழ்ச்சியை மறைத்துக்கொண்டு, அவனுக்குப் பல தலைமுறை கழித்து வந்த கொடுமையை அவன்மீது ஏற்றிப் பார்க்க நமக்கு என்ன உரிமை? அந்தத் துணி தைக்கப்பட்டது மகிழ்ச்சியில். அந்த மகிழ்ச்சியை முதலில் மகிழ்ச்சியாகவே வாங்கிக்கொள்ள வேண்டும். அப்போதுதான் அதைத் தைக்கத் தெரிந்த கைகள் எல்லாம் ஒரு சில ஆண்டுகளில் இல்லாமல் போனதன் அளவு தெரியும். அழகு என்று சொல்லக் கூசிய என் வாய் அங்கேதான் கூச்சம் விட்டது. அழகாக இருக்க வேண்டும் என்று நினைத்துத்தானே அவள் தைத்தாள்?

பொருளை இப்படி அதன் சொந்த வேலைக்குத் திருப்பிக் கொடுப்பது கண்ணாடிப் பேழைக்குள் ஓரளவுக்குத்தான் முடியும். ஆனால் அந்தத் தொகுப்பின் ஒரு பகுதிக்கு அது மெய்யாகவே நடந்தது. 1950-இல் அருங்காட்சியகத்தை அரசு எடுத்துக்கொண்ட பிறகு, தோரா சுருள்கள் நகரத்தின் புறத்தே பயன்பாட்டில் இல்லாத ஜெப ஆலயம் ஒன்றில் ஈரத்தில் கிடந்தன. தோரா சுருள் என்பது தோலில் கையால் எழுதுவது. மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட எழுத்துகளில் ஓர் எழுத்து சிதைந்தாலும், திருத்தும்வரை அதைச் சபையில் ஓதக் கூடாது. திருத்த முடியாமல் போனதை மனித உடலைப் போலவே இடுகாட்டில் புதைப்பார்கள். 1964 பிப்ரவரியில் 1,564 சுருள்கள் விலை கொடுத்து வாங்கப்பட்டு லண்டனின் வெஸ்ட்மின்ஸ்டர் ஜெப ஆலயத்துக்கு வந்து சேர்ந்தன. சில காலம் கழித்து டேவிட் பிராண்ட் என்ற எழுத்தர் வேலை தேடி வந்து கதவைத் தட்டி, பழுது பார்க்கச் சுருள் ஏதேனும் உண்டா என்று விசாரித்திருக்கிறார். உள்ளே அழைத்துப்போய்க் காட்டினார்கள். அதன்பின் 20 ஆண்டுகளுக்கும் மேலாக அவர் அங்கேயே உட்கார்ந்து, இறகுப் பேனாவும் மையுமாக எழுத்துகளைத் திருத்திக்கொண்டிருந்தார். அந்தச் சுருள்களில் பெரும்பாலானவை உலகெங்கும் உள்ள சபைகளிடம் நிரந்தரக் கடனாக இருக்கின்றன, விற்பனைக்கு இல்லை. ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு, தெரிந்தவரையில் அது வந்த செக் ஊரின் பெயரும் உண்டு. சுருளைப் பெற்ற சபைகளில் பல அந்த ஊர் மக்களின் பெயர்களைத் தேடிக் கண்டுபிடித்து வாசித்து வருகின்றன. திருத்தப்பட்ட சுருள்களிலிருந்து சிறுவர் சிறுமியர் முதன்முறையாகத் தோரா ஓதுகிறார்கள்.

எல்லாப் பொருளுக்கும் இந்த வாய்ப்பு அமையாது. அடக்கச் சபையின் சீப்பை இனி யாரும் கையில் எடுத்து வாரப்போவதில்லை, அது பேழைக்குள்தான் இருக்கும். ஆனால் பேழைக்குப் பக்கத்தில் எழுதி வைக்கும் குறிப்பில் ஒரு மாற்றத்தை எந்த அருங்காட்சியகமும் செய்ய முடியும், அதற்குப் பணம்கூட வேண்டாம். நான் பார்த்த குறிப்புகளில் பெரும்பாலானவை பொருளின் வகையில் தொடங்கி, உலோகத்துக்கும் நூற்றாண்டுக்கும் போய், எஞ்சிய இடத்தில் வரலாற்றின் பேரிடரைச் சொல்லி முடிகின்றன. இதைத் தலைகீழாக எழுத வேண்டும் என்பது என் கோரிக்கை. முதல் வரியில் யார் பெயர், யாருக்காக, எந்த ஊரில், என்ன வேண்டுதலோடு என்று இருக்கட்டும். திரையில் தைத்திருக்கிறது, நாடாவில் தைத்திருக்கிறது, கிண்ணத்தில் பொறித்திருக்கிறது, எபிரேயம் படிக்கத் தெரியாதவர்களுக்குப் பெயர்த்துச் சொன்னால் போதும். இரண்டாவது வரியில், 1942-இல் இதைக் கையில் வாங்கி அட்டை எழுதியது யார் என்று தெரிந்தால் அவர் பெயர் வரட்டும். வெள்ளியும் பட்டும் நூற்றாண்டும் மூன்றாவது வரிக்குப் போகட்டும்.